மதுரைக் காலும் மைக்ரோஸ்கோப்பும்

திண்டுக்கல் என்றால் பூட்டு, பிரியாணி. மதுரை என்றால் மல்லி, ஜிகர்தண்டா. இதெல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் மெக்சிகோவிலோ சூடானிலோ ஒரு டாக்டரிடம் போய் "மதுரை தெரியுமா?" என்று கேட்டால், அவருக்கு நினைவுக்கு வருவது மல்லியாக இருக்காது. ஒரு வியாதியாக இருக்கும். "மதுரா ஃபுட்", அதாவது மதுரைக் கால்.

இது நம்ம ஊர்க் கதையும்கூட. 1985 செப்டம்பர் 15-ஆம் தேதி தனி மாவட்டமாகும் வரை திண்டுக்கல்லும் மதுரை மாவட்டம்தான். அந்தக் காலத்தில் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போன கால்களில் வேடசந்தூர், நிலக்கோட்டை, நத்தம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் நடந்த கால்களும் இருந்திருக்கும். காமர்ஸ் படிக்கிறவனுக்கு மைக்ரோஸ்கோப்பில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். பேலன்ஸ் ஷீட்டைவிட இது சுவாரசியமாக இருக்கிறது, அவ்வளவுதான் :)

முதலில் வியாதி. வெறுங்காலோடு காட்டில் வேலை செய்யும்போது ஒரு முள் குத்துகிறது. கருவேல முள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம், மறந்துபோகும். பல மாதமோ சில வருடமோ கழித்து அதே இடத்தில் சின்னதாக ஒரு கட்டி எழும்புகிறது. வலி பெரிதாக இருக்காது. இதுதான் இந்த வியாதியின் சூழ்ச்சி. வலித்தால் உடனே வைத்தியரிடம் ஓடுவோம். வலிக்காததால் "பிறகு பார்த்துக்கொள்ளலாம், அறுப்பு முடியட்டும்" என்று தள்ளிப் போடுவோம். அதற்குள் கால் வீங்கி, அங்கங்கே துவாரம் விழுந்து, சீழோடு சேர்ந்து குட்டிக் குட்டிக் குருணைகள் வெளியே வரும். சிலருக்குக் கறுப்பு, கடுகு மாதிரி. சிலருக்கு வெள்ளை அல்லது மஞ்சள். சிலருக்குச் சிவப்பு. உள்ளே எலும்பு வரை அரித்துவிடும். கடைசியில் காலை எடுப்பதுதான் வழி என்ற நிலைக்குப் போகும்.

1842-இல் மதுரையில் இருந்த அரசு மருந்தகத்தில் வேலை பார்த்த கில் என்ற ஆங்கிலேய மருத்துவர், இதைத் தன் அறிக்கையில் எழுதினார். 1846-இல் அதே இடத்தைச் சேர்ந்த கோல்புரூக் "மதுரா ஃபுட்" என்ற பெயரை எழுத்தில் கொண்டுவந்தார். எழுதினவர் உட்கார்ந்திருந்த ஊர் மதுரை, அதனால் பெயரும் மதுரை. அவர்கள் பெல்லாரியிலோ வேறெங்கோ உட்கார்ந்திருந்தால் அந்த ஊருக்கு இந்தப் பெருமை போயிருக்கும்! காரணம் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. யானைக்கால் வேறு, இது வேறு என்பது புரிந்தது. அதற்கு மேல் கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

இங்கேதான் என் கதாநாயகன் வருகிறார். ஹென்றி வான்டைக் கார்ட்டர். பெயர் கேள்விப்படாதவர்களும் அவர் கைவேலையைப் பார்த்திருக்க வாய்ப்புண்டு. மருத்துவ மாணவர்கள் தூக்கிச் சுமக்கும் "கிரேஸ் அனாடமி" புத்தகம் 1858-இல் முதன்முதலில் வெளிவந்தபோது அதிலிருந்த படங்களையெல்லாம் வரைந்தவர் இவர்தான். எழுதியவர் கிரே. அவருக்கு ஆயிரம் பிரதிக்கு இவ்வளவு என்று ராயல்டி. கார்ட்டருக்கு ஒரே தடவையாக 150 பவுண்டு, அதோடு சரி. புத்தகம் இன்று வரை பதிப்பு மேல் பதிப்பாக வந்துகொண்டே இருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் யோசிக்க வேண்டும் என்பதற்கு எங்கள் வகுப்பில் சொல்ல வேண்டிய உதாரணம் இது.

அதே 1858-இல் கார்ட்டர் கப்பலேறிப் பம்பாய்க்கு வந்தார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுக்கும் வேலை. பக்கத்திலேயே ஜே.ஜே. ஆஸ்பத்திரி. அங்கே வெட்டி எடுக்கப்பட்ட கால்களை மற்றவர்கள் புதைக்கவோ எரிக்கவோ நினைத்தபோது இவர் அறுத்துப் பார்த்தார், வரைந்தார், குருணைகளை மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்தார். கண்ணுக்குக் கடுகாகத் தெரிந்தது அங்கே கடுகாக இல்லை. ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த நூலிழைகள். பூஞ்சை! பழைய ஊறுகாய் ஜாடியில் பூக்கிற பூசணத்தின் உறவுக்காரன், மனுஷன் காலுக்குள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

1860-இல் அவர் இதற்கு "மைசெட்டோமா" என்று பெயர் வைத்தார். பூஞ்சைக் கட்டி என்று அர்த்தம். ராபர்ட் கோக் ஆந்த்ராக்ஸ் கிருமியை நிரூபித்தது 1876-இல். அதற்குப் பதினாறு வருடம் முன்னாலேயே, கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர்தான் இந்தக் காலைத் தின்கிறது என்று பம்பாயில் உட்கார்ந்து ஒருவர் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடப் பாடத்தில் கோக் இருக்கிறார், கார்ட்டரைக் காணோம்.

ஆனால் நேர்க்கோட்டில் போன கதை இல்லை இது. கார்ட்டரிடமிருந்து போன மாதிரிகளில் வளர்ந்த ஒரு சிவப்புப் பூசணத்துக்கு, இங்கிலாந்தின் பெரிய பூஞ்சை நிபுணரான பெர்க்லி பாதிரியார் கார்ட்டர் பெயரையே சூட்டினார். பிறகு பார்த்தால் அது வழிப்போக்கன். செத்த சதையில் பின்னால் வந்து வளர்ந்தது, வியாதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கார்ட்டர் 1874-இல் வண்ணப் படங்களோடு தனிப் புத்தகமே போட்டார். மறுவருடமே கல்கத்தாவிலிருந்து லூயிஸ், கன்னிங்ஹாம் என்ற இருவர், பூஞ்சைதான் காரணம் என்பதைச் சந்தேகித்து அறிக்கை எழுதினார்கள். மைக்ரோஸ்கோப்பில் தெரிவது ஒன்று, தெரிந்ததற்கு என்ன அர்த்தம் என்பது வேறொன்று.

சந்தேகப்பட்டவர்கள் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. 1894-இல் அல்ஜீரியாவில் வின்சென்ட் என்ற பிரெஞ்சுக்காரர் வெளிர் நிறக் குருணையிலிருந்து கிருமியைப் பிரித்து வளர்த்தார். அது பூஞ்சை மாதிரி நூல் நூலாக வளர்ந்தாலும் உண்மையில் பாக்டீரியா வகை. இன்று அதன் பெயர் ஆக்டினோமதுரா மதுரே. ஒரே பெயரில் இரண்டு மதுரை! கறுப்புக் குருணைக்குக் காரணமான நிஜப் பூஞ்சைக்கு 1905-இல் புரூம்ப்ட் "மதுரெல்லா" என்று பெயரிட்டார். அதிலும் மதுரை.

ஆக, ஒரே மாதிரி வீங்கிய இரண்டு கால்கள். வெளியே இருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி. ஒன்றில் பூஞ்சை, இன்னொன்றில் பாக்டீரியா. குருணையை நசுக்கி, சாயமேற்றி, கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்தால் இழையின் பருமன் காட்டிக்கொடுத்துவிடும். பாக்டீரியா இழை ஒரு மைக்ரான் அளவுதான், பூஞ்சை இழை அதைவிடப் பல மடங்கு தடிமன். (நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு நுணுக்கமான வித்தியாசம் என்று புரியும்.)

இந்த ஒன்றிரண்டு மைக்ரானில்தான் ஒரு விவசாயியின் கால் தொங்கிக்கொண்டிருக்கிறது. பாக்டீரியா என்றால் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம், மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும் என்றாலும். பூஞ்சை என்றால் அந்த மருந்து வேலை செய்யாது. பூஞ்சை மருந்தும் நீண்ட காலம் வேண்டும், பெரும்பாலும் கத்தியும் வேண்டும், திரும்ப வரவும் செய்யும். தென்னிந்தியாவில் பாக்டீரியா வகை அதிகம், ராஜஸ்தான் பக்கம் கறுப்புக் குருணைப் பூஞ்சை அதிகம் என்கிறார்கள். அப்படியென்றால் நம் பக்கத்தில் வெட்டப்பட்ட பழைய கால்களில் எத்தனை, இன்றைக்கு மாத்திரையில் காப்பாற்றக்கூடியவையாக இருந்திருக்கும்? நினைத்தாலே கஷ்டமாக இருக்கிறது.

செருப்பு போட்டால் போதுமே என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். சேற்றில் செருப்போடு இறங்க முடியாது என்பது ஒரு பக்கம். இதே தென் மாவட்டங்களில், செருப்புப் போட்டு ஊர்த் தெருவில் நடக்கக் கூடாது என்று ஒரு சாராருக்குத் தடை இருந்ததும், சில கிராமங்களில் நம் காலம் வரை அது நீண்டதும் இன்னொரு பக்கம். அதைக் காட்ட மைக்ரோஸ்கோப் தேவையில்லை.

2016 மே மாதம்தான் உலக சுகாதார நிறுவனம் மைசெட்டோமாவைப் "புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள்" பட்டியலில் சேர்த்தது. கில் எழுதி 174 வருடம் கழித்து! இந்த வியாதிக்கென்றே 1991-இல் சூடானின் கார்ட்டூம் நகரில் தொடங்கிய ஆராய்ச்சி மையம் உலகுக்கே வழிகாட்டியாக இருந்தது. 2023-இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் அந்தக் கட்டடம் நாசமாகி, பல பத்தாண்டுகளாகச் சேர்த்த மாதிரிகளும் தகவல்களும் போய்விட்டன என்று 2025 தொடக்கத்தில் செய்தி வந்தது.

கார்ட்டர் 1888-இல் ஓய்வு பெற்று ஊர் திரும்பி, 1897-இல் ஸ்கார்பரோவில் இறந்தார். வியாதிக்குப் பெயர் கொடுத்த மதுரைக்கு அவர் வந்தாரா என்றுதானே கேட்கிறீர்கள்? அவர் பார்த்ததெல்லாம் பம்பாய்க்கு வந்த கால்கள்.

திண்டுக்கல்காரன் பூட்டைப் பற்றி எழுதாமல் இதை எழுதுகிறானே என்பவர்களுக்கு: பூட்டு அடுத்த முறை :)