கரிசல் மண்ணில் போஸ்டன் புத்தகங்கள்

வெடித்த வெடியின் காகிதச் சுருளைப் பிரித்துப் படித்துப் பார்க்காத பிள்ளை விருதுநகர் மாவட்டத்தில் இருக்க முடியாது. பாதி எரிந்த செய்தி, கிழிந்த கணக்கு நோட்டு, யாரோ எழுதிய பரீட்சைத்தாள் எல்லாம் அதற்குள்ளிருந்து வரும். 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்பதால் அச்சுத் தொழில் வளர்ந்தது, பிறகு வெடி வந்தது. மூன்றுக்கும் காகிதம்தான் தீனி. எடைக்கு எடை காகிதம் விலைபோகும் ஊர்ப்பக்கத்தில் பழைய புத்தகம் பிழைத்துக் கிடப்பதே பெரிய காரியம். புத்தகத் திருவிழா மலருக்குப் பழம்புத்தகச் சேகரிப்பு பற்றி எழுதச் சொன்னார்கள். அப்படிப் பிழைத்தவற்றில் ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்க வரலாற்றுப் புத்தகங்கள் என்றதும் லிங்கனும் வாஷிங்டனும் நினைவுக்கு வருவார்கள். 1950களிலும் 60களிலும் அமெரிக்கத் தகவல் சேவையான யுசிஸ் உதவியோடு மலிவு விலையில் வந்த தமிழ் மொழிபெயர்ப்புகளைப் பழைய புத்தகக் கடைக்காரர்கள் இன்றும் கட்டுக்கட்டாக வைத்திருக்கிறார்கள். அவற்றைச் சேர்ப்பதில் தப்பில்லை, பெரிய சிரமமும் இல்லை. நம் மாவட்டத்துக்காரர் தேட வேண்டியது வேறொரு அமெரிக்க வரலாறு. அதன் ஒரு முனை போஸ்டனில் இருக்கிறது, மறுமுனை திருச்சுழிப் பக்கத்து மண்டபசாலையில்.

1810இல் தொடங்கிய அமெரிக்க அயல்நாட்டு மிஷன் வாரியத்தின் தலைமையகம் போஸ்டன். அதன் ஆட்கள் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள், 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி நிறுவினார்கள். அங்கிருந்து 1834இல் மதுரைக்குள் நுழைந்தார்கள். திண்டுக்கல், திருமங்கலம், பசுமலை, பழனி, மானாமதுரை என்று நிலையங்கள் பெருகின. இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் மண்டபசாலையும் அருப்புக்கோட்டையும் அவர்கள் வட்டத்துக்குள் வந்தன. சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் ஆங்கிலேயரின் சர்ச் மிஷன் சங்கத்தின் கையில் இருந்தது. ஆகவே ஒரே மாவட்டத்தின் பழைய மிஷன் கடிதங்கள் பாதி லண்டனுக்கும் பாதி போஸ்டனுக்கும் போயின. சேகரிப்பவர் முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய எல்லைக்கோடு இதுதான்.

இந்த மிஷன் சபைகளை நடத்தியதைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று. அது ஒரு பெரிய அச்சு நிறுவனமாகவும் இருந்தது என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அதே வாரியம் சென்னையில் நடத்திய அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பினியாஸ் ஹன்ட் தமிழ் எழுத்துகளைச் சிறியதாகவும் தெளிவாகவும் வார்த்தெடுக்கச் செய்தார். அந்தச் சிறிய எழுத்து இல்லாவிட்டால் 1862இல் வந்த வின்சுலோ தமிழ் ஆங்கில அகராதி ஒரே தொகுதிக்குள் அடங்கியிருக்காது. 67,000 சொற்களுக்கு மேல் கொண்ட நூல் அது. மைரன் வின்சுலோ அதைத் தனியாகச் செய்யவில்லை. யாழ்ப்பாணத்தில் ஜோசப் நைட் முதலானோர் சேர்த்துவைத்த குறிப்புகளும் தமிழ்ப் புலவர்களின் உழைப்பும் அதில் உண்டு. பின்னால் அதைத் திருத்தி விரிக்கும் எண்ணத்திலிருந்துதான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி வேலை 1913இல் தொடங்கியது. அதன் முதல் பதிப்பாசிரியர் ஜே. எஸ். சாண்ட்லர் மதுரை மிஷனைச் சேர்ந்தவர். மிஷனின் எழுபத்தைந்து ஆண்டு வரலாற்றை எழுதியவரும் அவர்தான். வின்சுலோ அகராதியின் மறுபதிப்பு எளிதாகக் கிடைக்கும். 1862 மூலப் பதிப்பு நல்ல தோல் பைண்டிங்கோடு கண்ணில் பட்டால் பேரம் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள்.

பசுமலையில் 1845 முதல் செமினரி நடந்தது. அங்கேயே மிஷனுக்கு லெனாக்ஸ் அச்சகம் என்று சொந்த அச்சகமும் இருந்தது. முகப்புத்தாளின் அடியில் பசுமலை என்று போட்ட சிறு நூல்கள் என் கணக்கில் அகராதியைவிட மதிப்பானவை, ஏனென்றால் அவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்று அப்போது எவருக்கும் தோன்றவில்லை. பசுமலையில் 1881இல் மிஷனரி வாஷ்பர்ன் தொடங்கிய கல்லூரி, அவருக்குப் பின் வந்த சம்ப்ரோவின் காலத்தில் மதுரைக்குப் பெயர்ந்தது. அதுதான் இன்றைய அமெரிக்கன் கல்லூரி. அதன் நூலகத்துக்கு டேனியல் பூர் பெயர். யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து பள்ளிக்கூடங்களைப் பெருக்கியவர் அவர். மதுரையில் மிஷன் நடத்திய உயர்நிலைப் பள்ளியில் திருச்சுழிப் பையன் ஒருவனும் படித்தான். 1896இல் பாடத்தை எழுதிக்கொண்டிருந்தவன் அப்படியே எழுந்து திருவண்ணாமலைக்குப் போய்விட்டான். ரமண மகரிஷியின் வரலாற்றில் அமெரிக்க மிஷன் பள்ளிக்கு ஒரு வரியாவது கிடைத்தது இப்படித்தான்.

மதுரை மிஷனின் வெளியீடுகளில் நான் முதலிடம் தருவது ஆண்டறிக்கைகளுக்கு. மெல்லிய அட்டை, சிறிய எழுத்து, பார்த்தால் எடுக்கவே தோன்றாது. நிலையம் நிலையமாகச் சபை, பள்ளி, மருத்துவமனை, வரவுசெலவு என்று போகும். 1876 முதல் 78 வரை தென்னாட்டை வாட்டிய பஞ்சத்தை அரசாங்க ஆவணம் தாலுகாக் கணக்கில் பார்க்கும். மிஷன் ஆட்கள் கிராமத்துக்குள் குடியிருந்தவர்கள், அதனால் அவர்களின் பார்வை வேறு. மதம் மாற்றும் நோக்கத்தோடு எழுதியவை என்பதையும், அமெரிக்காவில் நன்கொடை தருபவர்கள் படிக்க எழுதியவை என்பதையும் மறக்காமல் படிக்க வேண்டும். அப்படிப் படித்தாலும் கரிசல்காட்டுச் சம்சாரியின் வாழ்க்கை பற்றி அவற்றில் கிடைப்பது வேறெங்கும் அவ்வளவாகக் கிடைப்பதில்லை. போஸ்டனிலிருந்து வந்த ‘மிஷனரி ஹெரால்டு’ மாத இதழின் பழைய கட்டுகளும் இதே வகை.

கரிசலுக்கும் அமெரிக்காவுக்கும் பருத்தி வழியாகவும் ஒரு கணக்கு உண்டு. 1842 முதல் கோயம்புத்தூரில் ராபர்ட் வைட் மேற்பார்வையில் அமெரிக்கப் பருத்தியை விளைவித்துப் பார்த்தது கம்பெனி அரசு. பத்தாண்டுக்கு மேல் பாடுபட்டும் எதிர்பார்த்த பலன் இல்லை. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. தென் மாநிலத் துறைமுகங்கள் அடைபட, லங்காஷயர் ஆலைகள் பஞ்சுக்குத் தவித்தன, இங்கே விலை எகிறியது. அடுத்த ஆண்டே டால்பாய்ஸ் வீலரின் சென்னை மாகாணப் பருத்திக் கையேடு வந்தது. அதற்கு முன் 1851இல் ராய்ல் எழுதிய பருத்தி நூலும் இருக்கிறது. இரண்டையும் அமெரிக்க வரலாற்று அலமாரியில் வைக்கலாம் என்பது என் கட்சி. கெட்டிஸ்பர்க் போரைப் பற்றிய பத்துப் புத்தகங்களைவிட, அந்தப் போர் விருதுபட்டி (இன்றைய விருதுநகர்) வியாபாரியின் பேரேட்டில் என்ன செய்தது என்பது நமக்கு முக்கியம். அமெரிக்கப் பருத்தி கடைசியில் இங்கே காலூன்றியது 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், கம்போடியாப் பருத்தி என்ற வேறு பெயரில்.

அந்த வியாபாரிகளின் சமூக வரலாற்றை விரிவாக எழுதியவரும் ஓர் அமெரிக்கர்தான். ராபர்ட் ஹார்ட்கிரேவின் நாடார் வரலாற்று ஆய்வைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1969இல் வெளியிட்டது. சிவகாசிக் கொள்ளை, மகமை, நாடார் மகாஜன சங்கம் எல்லாம் அதில் உண்டு. அதன் முதல் பதிப்பு நம் பக்கத்து வீடுகளில் இன்னும் கிடக்கும், கேட்டுப் பார்க்க வேண்டும்.

இதே காலத்தில் எதிர்த்திசையிலும் புத்தகங்கள் போயின. 1954இன் பி.எல். 480 சட்டப்படி இந்தியாவுக்குக் கோதுமை விற்ற ரூபாயைக் கொண்டு, 1962 முதல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கித் தன் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. நாம் எடைக்குப் போட்ட தமிழ்ப் புத்தகங்கள் சில அங்கே பத்திரமாக இருப்பது இதனால்தான். கோட்டையூர் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்த பெருந்தொகுப்பை, 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. கப்பலில் ஏற்றாமல் சென்னையிலேயே நூலகமாக்கியது. வாங்கியவர் செய்யத்தக்க மரியாதை அது.

தேடுகிறவருக்கு இரண்டொரு சொல். விருதுநகர் என்று தேடினால் பழைய நூல்களில் ஒன்றும் அகப்படாது, 1923 வரை ஊர் விருதுபட்டிதான். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கந்தைத் துணிக் கூழில் செய்த தாள் இன்றும் மடங்கும். பிற்பாதியில் வந்த மரக்கூழ்த் தாள் அமிலத்தால் பழுத்து, தொட்டால் நொறுங்கும். ராமபாணப் பூச்சி துளைத்ததற்குப் பயந்து எதையும் விட்டுவிட வேண்டாம். முகப்புத்தாள் போன புத்தகத்தைக்கூட எடுங்கள், நூலக முத்திரையும் பக்க ஓரக் குறிப்பும் ஊரைக் காட்டிக் கொடுக்கும்.

வாரியத்தின் தலைமையக ஆவணங்கள் ஹார்வர்டின் ஹாட்டன் நூலகத்தில் இருக்கின்றன. மதுரை மிஷனின் சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தன. கிராமக் கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடு, பள்ளி வருகைப் பதிவேடு போன்றவை ஹார்வர்டுக்குப் போகவில்லை. அவை இருந்தால் மண்டபசாலை, அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சபைகளின் பீரோக்களில்தான் இருக்க வேண்டும். வெள்ளையடிக்கும்போது பழைய தாள்களை ஒழித்துக் கட்டுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. அடுத்த வெள்ளையடிப்புக்கு முன் யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.