குதிகால் எலும்புத் தகடுகளுக்கான 510(கே) அனுமதி

குதிகால் எலும்புத் தகடுகளுக்கான 510(கே) அனுமதி என்பது, முறிந்த குதிகால் எலும்பை நிலைநிறுத்தப் பயன்படும் உலோகத் தகடு, திருகாணி ஆகியவற்றை ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவருவதற்கு முன் உற்பத்தியாளர் பெறவேண்டிய ஒழுங்குமுறை அனுமதி ஆகும். இதனை வழங்குவது அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் (சுருக்கமாக எஃப்டிஏ). 1938 ஆம் ஆண்டின் உணவு, மருந்து, ஒப்பனைப் பொருள் சட்டத்தின் 510 ஆவது பிரிவின் "கே" உட்பிரிவில் இந்நடைமுறை இடம்பெறுவதால் இப்பெயர் வந்தது.

புதிய கருவி, ஏற்கனவே சட்டப்படி சந்தையில் உள்ள ஒரு கருவிக்கு ஒப்பானது என்று காட்டுவதே இந்நடைமுறையின் அடிப்படை. அக்கருவியைப் பொருத்திக்கொண்ட நோயாளி, பொருத்திக்கொள்ளாதவரைவிட நன்றாக நடப்பாரா என்ற கேள்வி இதில் பெரும்பாலும் எழுவதில்லை. குதிகால் எலும்பு முறிவைப் பொறுத்தவரை அக்கேள்விக்கு மருத்துவ உலகிலேயே ஒருமித்த விடை இல்லாததால், இவ்வனுமதி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை அறிவது முக்கியமாகிறது.

குதிகால் எலும்பும் அதன் முறிவும்

கணுக்கால் பகுதியிலுள்ள ஏழு எலும்புகளில் மிகப் பெரியது குதிகால் எலும்பு. நிற்கும்போதும் நடக்கும்போதும் உடல் எடையைத் தரைக்குக் கடத்துவதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. கெண்டைக்கால் தசையின் தடித்த தசைநாண் இதன் பின்புறத்தில் இணைகிறது. இதன் மேற்பரப்பு, மேலுள்ள கணு எலும்புடன் மூட்டாகச் சேர்கிறது. கரடுமுரடான தரையில் பாதம் பக்கவாட்டில் சாய்ந்து கொடுப்பதற்கு இம்மூட்டே காரணம்.

மொத்த எலும்பு முறிவுகளில் குதிகால் எலும்பு முறிவு ஏறத்தாழ 2 விழுக்காடு ஆகும். ஏணி, சாரம், கூரை போன்ற உயரமான இடங்களிலிருந்து கால் ஊன்றி விழுவதும் வாகன விபத்துகளும் முக்கியக் காரணங்கள். ஆகவே உழைக்கும் வயதிலுள்ளோரே பெரிதும் பாதிக்கப்படுகின்றனர். விழும் வேகத்தில் மேலுள்ள கணு எலும்பு ஓர் ஆப்பு போலக் கீழிறங்கிக் குதிகால் எலும்பைப் பிளக்கிறது. நான்கில் மூன்று பங்கு முறிவுகளில் மூட்டுப் பரப்பும் சேர்ந்து உடைகிறது. அதே விசை மேலே கடத்தப்பட்டு முதுகெலும்பையும் முறிக்கக்கூடும் என்பதால், மருத்துவர்கள் முதுகையும் சேர்த்துப் பரிசோதிப்பது வழக்கம்.

முறிவின் அளவை மதிப்பிட இரு முறைகள் பரவலாகப் பயன்படுகின்றன:

- போலர் கோணம்: ஆத்திரிய அறுவை மருத்துவர் லோரன்ஸ் போலரின் பெயரால் வழங்குவது. பக்கவாட்டு எக்சு-கதிர் படத்தில் அளக்கப்படுகிறது. இயல்பான அளவு ஏறத்தாழ 20 முதல் 40 பாகை. எலும்பு நசுங்கும்போது இக்கோணம் குறைகிறது.
- சாண்டர்சு வகைப்பாடு: 1993 இல் வெளியானது. சி.டி. படத்தில் மூட்டுப் பரப்பு எத்தனை துண்டுகளாக உடைந்துள்ளது என்பதைக்கொண்டு நான்கு வகைகளாகப் பிரிக்கிறது.

தகட்டின் அமைப்பு

மருத்துவமனைகளில் "பிளேட் வைப்பது" என்று பேச்சுவழக்கில் கூறப்படும் சிகிச்சையில், எலும்பின் வெளிப்பக்கச் சுவரில் ஒரு மெல்லிய தகடு வைக்கப்பட்டுத் திருகாணிகளால் முடுக்கப்படுகிறது. குதிகால் எலும்பின் ஒழுங்கற்ற வடிவத்திற்கேற்ப இத்தகடு பல கிளைகளும் துளைகளும் கொண்டதாக இருக்கும். அப்பகுதியில் தோலுக்கும் எலும்புக்கும் இடையே தசை மிகக் குறைவு என்பதால் தகடு தடிப்பாக இருக்கலாகாது. மறுபுறம், மெலிந்த தகடு எளிதில் வளையவோ களைப்புற்று முறியவோ கூடும். இவ்விரண்டுக்கும் இடையிலான சமநிலையே வடிவமைப்பின் மையச் சிக்கலாகும்.

துருவேறா எஃகு, தூய தைட்டானியம், தைட்டானியம்-அலுமினியம்-வனேடியம் கலப்புலோகம் ஆகியவை பயன்படும் உலோகங்கள். சில தகடுகளில் திருகாணியின் தலையிலும் மரை இருக்கும். அது தகட்டின் துளையிலேயே பூட்டிக்கொள்ளும். இவை பூட்டுத் தகடுகள் எனப்படுகின்றன. தகடுகளுக்கு மாற்றாக எலும்பின் உள்ளே செலுத்தப்படும் ஆணிகளும் உள்ளன.

சட்டப் பின்னணி

அமெரிக்காவில் மருத்துவக் கருவிகள் பலவற்றுக்கு நெடுங்காலம் விற்பனைக்கு முந்தைய மதிப்பாய்வு இருக்கவில்லை. "டால்கன் சீல்டு" எனும் கருத்தடைக் கருவியால் பெண்கள் பலர் நோய்த்தொற்றுக்கு உள்ளானது பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அதன் பின்னணியில் 1976 மே 28 அன்று மருத்துவக் கருவிகள் திருத்தச் சட்டத்தில் அதிபர் செரால்டு ஃபோர்டு கையொப்பமிட்டார்.

இச்சட்டம் கருவிகளை, அவற்றால் நேரக்கூடிய ஆபத்தைப் பொறுத்து மூன்று வகுப்புகளாகப் பிரித்தது:

- வகுப்பு 1: ஆபத்து குறைந்தவை. பொதுக் கட்டுப்பாடுகள் போதுமானவை.
- வகுப்பு 2: நடுத்தர ஆபத்து உடையவை. சிறப்புக் கட்டுப்பாடுகள் தேவைப்படுபவை. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு 510(கே) அனுமதி வேண்டும்.
- வகுப்பு 3: ஆபத்து மிகுந்தவை. பொதுவாக இவற்றுக்கு மருத்துவச் சான்றுகளுடன் கூடிய விற்பனைக்கு முந்தைய ஒப்புதல் வேண்டும்.

எலும்புத் தகடுகள் அமெரிக்கக் கூட்டரசு விதித்தொகுப்பின் 21 ஆம் தலைப்பில் 888.3030 எனும் விதியின்கீழும், திருகாணிகள் 888.3040 எனும் விதியின்கீழும் வகுப்பு 2 இல் வைக்கப்பட்டுள்ளன. குதிகாலுக்கென்றே வடிவமைக்கப்பட்ட தகட்டுக்குத் தனி விதி கிடையாது. ஏனைய எலும்புத் தகடுகளுடன் சேர்த்தே அதுவும் கருதப்படுகிறது.

கணிசமான ஒப்புமை

1976 மே 28 க்கு முன்பே சந்தையில் இருந்த கருவியோ, பின்னர் 510(கே) அனுமதி பெற்ற கருவியோ ஒப்பீட்டுக்கான முன்னோடிக் கருவியாக அமையலாம். புதிய கருவி அதற்குக் கணிசமாக ஒப்பானதா என்பதை எஃப்டிஏ பின்வரும் வரிசையில் ஆராய்கிறது:

1. முன்னோடிக் கருவி சட்டப்படி சந்தைப்படுத்தப்பட்டதா?
2. இரண்டின் பயன்பாட்டு நோக்கமும் ஒன்றா?
3. தொழினுட்பப் பண்புகள் ஒன்றா?
4. பண்புகள் வேறெனில், அவ்வேறுபாடு பாதுகாப்பு அல்லது செயற்றிறன் குறித்துப் புதுவகைக் கேள்விகளை எழுப்புகிறதா?
5. எழுப்பவில்லையெனில், சோதனைத் தரவுகள் ஒப்புமையை நிறுவுகின்றனவா?

இவ்வாறு அனுமதி பெற்ற கருவி, அடுத்து வரும் கருவிக்கு முன்னோடியாக அமையலாம். எனவே இன்றைய பூட்டுத் தகடு ஒன்றின் வழிமுறையைப் பின்னோக்கித் தேடினால், பல கருவிகளைக் கடந்து 1976 க்கு முந்தைய எளிய தகடு ஒன்றைச் சென்றடைய இயலும். ஒவ்வொரு படியிலும் வேறுபாடு சிறியதாக இருந்தாலும், தொடக்கத்திற்கும் முடிவிற்கும் இடையிலான வேறுபாடு பெரியதாக இருக்கலாம். கணிசமான ஒப்புமைக்கான வரையறை 1990 ஆம் ஆண்டின் பாதுகாப்பான மருத்துவக் கருவிகள் சட்டத்தின் மூலம் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டது.

ஆய்வுக்கூடச் சோதனைகள்

எலும்புத் தகடுகளுக்கான விண்ணப்பங்களில் மனிதர்கள்மீதான மருத்துவ ஆய்வு பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆய்வுக்கூடச் சோதனைகளே சான்றாகின்றன. அவற்றுள் முக்கியமானவை:

- வளைவுச் சோதனை: ஏஎஸ்டிஎம் எஃப்382 எனும் தரநிலைப்படி தகட்டை நான்கு புள்ளிகளில் அழுத்தி, அதன் விறைப்பும் வலிமையும் அளக்கப்படுகின்றன.
- களைப்புச் சோதனை: மீண்டும் மீண்டும் சுமையேற்றித் தகடு எத்தனை சுழற்சிகளைத் தாங்குகிறது எனப் பார்க்கப்படுகிறது. பத்து இலட்சம் சுழற்சிகள் வழக்கமான இலக்கு.
- திருகாணிச் சோதனை: ஏஎஸ்டிஎம் எஃப்543 தரநிலைப்படி முறுக்கு வலிமை, செலுத்தும் விசை, பிடுங்கு விசை ஆகியவை அளக்கப்படுகின்றன.
- உயிரி ஒத்திசைவு: உலோகமும் தயாரிப்பில் ஒட்டியிருக்கக்கூடிய எச்சங்களும் உடலுக்குத் தீங்கு செய்யாதவை என்பது ஐஎஸ்ஓ 10993 வரிசைப்படி மதிப்பிடப்படுகிறது.
- நுண்ணுயிர் நீக்கம்: கதிர்வீச்சு முறைக்கு ஐஎஸ்ஓ 11137, நீராவி முறைக்கு ஐஎஸ்ஓ 17665 ஆகிய தரநிலைகள் பயன்படுகின்றன.
- காந்த அதிர்வு வரைவுச் சூழல்: எம்.ஆர்.ஐ. கருவியினுள் தகடு இழுபடுகிறதா, சூடேறுகிறதா, படத்தைச் சிதைக்கிறதா என்பன ஆராயப்படுகின்றன.

ஒரே வரிசையில் பல அளவுகளில் தகடுகள் இருப்பின், அவற்றுள் மிக வலுக்குறைந்ததைத் தேர்ந்து சோதிப்பது வழக்கம். அது தாங்கினால் ஏனையவையும் தாங்கும் என்பதே இதன் தருக்கம்.

விண்ணப்பமும் முடிவும்

கருவியைச் சந்தைக்குக் கொண்டுவருவதற்குக் குறைந்தது 90 நாட்களுக்கு முன் உற்பத்தியாளர் விண்ணப்பிக்கவேண்டும். 2002 ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப்பின் இதற்குக் கட்டணமும் உண்டு. சிறு நிறுவனங்களுக்குச் சலுகைக் கட்டணம் அளிக்கப்படுகிறது. 2023 அக்டோபர் 1 முதல் விண்ணப்பங்கள் இ-ஸ்டார் எனும் மின்னணுப் படிவத்தில் அளிக்கப்படவேண்டும்.

மதிப்பாய்வுக்கான இலக்கு 90 நாட்கள். ஆயினும் கூடுதல் விளக்கம் கேட்கப்படும்போது நாட்கணக்கு நிறுத்தப்படுவதால் உண்மையில் இதைவிட அதிக காலம் ஆகலாம். ஒப்பானது எனக் கண்டால் எஃப்டிஏ அதனைத் தெரிவித்து மடல் அனுப்புகிறது. ஒவ்வொரு விண்ணப்பத்திற்கும் "கே" எழுத்து, ஆண்டின் இரு இலக்கங்கள், நான்கு இலக்க வரிசை எண் ஆகியவை கொண்ட அடையாள எண் உண்டு. அனுமதிக்கப்பட்ட கருவிகளின் பட்டியலை எவரும் எஃப்டிஏ தரவுத்தளத்தில் இவ்வெண்ணைக்கொண்டு தேடலாம்.

அனுமதியும் ஒப்புதலும்

510(கே) வழியாக வந்த கருவி அனுமதிக்கப்பட்டது எனப்படுமேயன்றி ஒப்புதல் பெற்றது எனப்படுவதில்லை. இது வெறும் சொல் வேறுபாடன்று. 510(கே) நடைமுறையை நிறைவு செய்ததைக் காட்டி, தம் கருவிக்கு அரசின் ஒப்புதல் உண்டு என்ற எண்ணத்தை உற்பத்தியாளர் ஏற்படுத்துவது தவறான விளம்பரமாகும் என்று 21 ஆம் தலைப்பின் 807.97 ஆவது விதி கூறுகிறது.

நீதிமன்றத் தீர்ப்புகளிலும் இவ்வேறுபாடு எதிரொலித்தது. 1996 இல் மெட்ரானிக் எதிர் லோர் வழக்கில், 510(கே) நடைமுறை ஒப்புமையை நோக்கியதேயன்றிப் பாதுகாப்பை நோக்கியதன்று என அமெரிக்க உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. அதனால் இவ்வழியில் வந்த கருவியால் பாதிக்கப்பட்டவர் மாநிலச் சட்டப்படி இழப்பீடு கோருவதற்கு இவ்வனுமதி தடையாக அமையவில்லை. மாறாக, முழு ஒப்புதல் பெற்ற கருவிகளின்மீதான அத்தகைய வழக்குகள் பலவற்றுக்கு 2008 இல் ரீகல் எதிர் மெட்ரானிக் தீர்ப்பு தடை விதித்தது.

மருத்துவச் சான்றுகள்

தகடு உறுதியானது என்பதும், தகடு பொருத்துவது பயனுள்ளது என்பதும் இரு வேறு கூற்றுகள். பின்னதைச் சமவாய்ப்பு ஆய்வுகளே சோதித்துள்ளன.

கனடாவில் 424 நோயாளிகளைக்கொண்டு நடத்தப்பட்டு 2002 இல் வெளியான ஆய்வில், அறுவை செய்தோருக்கும் செய்யாதோருக்கும் இடையே ஒட்டுமொத்தமாகப் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும், தொழிலாளர் இழப்பீடு பெறுவோரைத் தவிர்த்துப் பார்த்தபோது சில பிரிவினருக்கு அறுவை சிறந்த பயனை அளித்தது. ஐக்கிய இராச்சியத்தில் 22 மருத்துவமனைகளில் 151 நோயாளிகளைக்கொண்டு நடந்து 2014 இல் வெளியான ஆய்வில், இரண்டாண்டு முடிவில் வலியிலும் செயற்பாட்டிலும் வேறுபாடு தென்படவில்லை. அறுவை செய்யப்பட்டோரிடம் நோய்த்தொற்று உள்ளிட்ட சிக்கல்களும் மறு அறுவையும் மிகுந்து காணப்பட்டன.

குதிகாலின் வெளிப்பக்கத் தோல் மெல்லியது. குருதியோட்டமும் எளிதில் பாதிக்கப்படுவது. ஆதலால் பெரிய வெட்டுக்காயம் ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. புகைபிடிப்போருக்கும் நீரிழிவு உள்ளோருக்கும் இது கூடுதல். எனவே சிறு வெட்டு வழியாகச் செலுத்தக்கூடிய சிறிய தகடுகளும் ஆணிகளும் உருவாக்கப்பட்டன. மறுபுறம், அறுவை செய்யாது விடப்பட்ட முறிவுகளில் பின்னாளில் மூட்டுத் தேய்ந்து, அதை இறுக்கி இணைக்கும் அறுவை தேவைப்படலாம். ஆகவே யாருக்குத் தகடு பொருத்துவது என்பது முறிவின் தன்மையையும் நோயாளியின் உடல்நிலையையும் கொண்டு மருத்துவர் எடுக்கும் முடிவாகவே உள்ளது.

விமர்சனங்களும் மாற்றங்களும்

510(கே) வழியாக 2005 இல் அனுமதி பெற்ற ஏஎஸ்ஆர் எக்சுஎல் எனும் உலோக இடுப்பு மூட்டும் அதே வரிசையைச் சேர்ந்த மற்றொரு மூட்டும் 2010 ஆகத்தில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. ஏறத்தாழ 93,000 பேருக்கு அவை பொருத்தப்பட்டிருந்தன. அடுத்த ஆண்டு அமெரிக்க மருத்துவக் கழகம் எஃப்டிஏயின் வேண்டுகோளின்பேரில் அளித்த அறிக்கை, 510(கே) நடைமுறையைக் கைவிட்டுப் புதிய கட்டமைப்பை உருவாக்கப் பரிந்துரைத்தது. எஃப்டிஏ அதனை ஏற்கவில்லை.

நடைமுறையை ஆதரிப்போர், எலும்புத் தகடு போன்ற நன்கறியப்பட்ட கருவிகளில் ஒவ்வொரு சிறு மாற்றத்திற்கும் பல்லாண்டு மருத்துவ ஆய்வு கோரினால் பயனுள்ள திருத்தங்களும் தடைப்படும் என வாதிடுகின்றனர்.

2019 இல் எஃப்டிஏ பாதுகாப்பு மற்றும் செயற்றிறன் அடிப்படையிலான வழி என்ற மாற்றை அறிமுகப்படுத்தியது. இதன்படி, சில வகைக் கருவிகள் முன்னோடியுடன் நேரடியாக ஒப்பிட்டுச் சோதிக்கப்படுவதற்கு மாறாக, வெளியிடப்பட்ட அளவுகோல்களை எட்டுவதைக் காட்டினால் போதும். எலும்புத் தகடுகளும் திருகாணிகளும் இவற்றுள் அடங்கும்.

அனுமதிக்குப் பின்

அனுமதியுடன் உற்பத்தியாளரின் கடமை முடிவதில்லை. கருவியால் மரணமோ கடும் காயமோ நேர்ந்திருக்கலாம் எனத் தெரியவந்தால் 30 நாட்களுக்குள் எஃப்டிஏவுக்கு அறிவிக்கவேண்டும். இவ்வறிக்கைகள் "மாட்" எனும் பொதுத் தரவுத்தளத்தில் வெளியிடப்படுகின்றன. 2013 இல் வெளியான விதியின்படி, கருவிகளுக்குத் தனித்துவ அடையாளக் குறியீடும் கட்டாயமாக்கப்பட்டது.

பிற நாடுகளில்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மே 26 முதல் நடைமுறையிலுள்ள மருத்துவக் கருவி ஒழுங்குவிதியின்படி, அரசு முகமைக்கு மாறாக, அங்கீகரிக்கப்பட்ட சான்றளிப்பு அமைப்புகள் எலும்புத் தகடுகளை மதிப்பிடுகின்றன.

இந்தியாவில் எலும்பியல் உட்பொருத்து கருவிகள் 2005 இல் மருந்துகள் மற்றும் ஒப்பனைப் பொருட்கள் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. 2018 சனவரி 1 முதல் மருத்துவக் கருவிகள் விதிகள், 2017 நடைமுறைக்கு வந்தன. இவை கருவிகளை ஏ, பி, சி, டி என நான்காக வகுக்கின்றன. முன்னோடிக் கருவி என்ற கருத்து இவ்விதிகளிலும் இடம்பெற்றுள்ளது.

இவற்றையும் பார்க்க

- எலும்பு முறிவு
- குதிகால் எலும்பு
- தைட்டானியம்
- உணவு மற்றும் மருந்து நிர்வாகம்