இகழ்ச்சியும் நாணமும்: ஒரு சொற்பொருள் வரலாறு

இன்றைய தமிழ் வழக்கில் 'அவமானம்' என்னும் சொல், பிறர் செய்யும் இகழ்ச்சியையும் ஒருவர் உள்ளத்தெழும் நாணத்தையும் ஒருங்கே குறிக்கிறது. பழந்தமிழ் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்திருந்தது என்பதையும், அப்பிரிவு இன்றும் பயனுடையது என்பதையும் இக்கட்டுரை சுட்டுகிறது.

இகழ்தல் செயப்படுபொருள் குன்றாவினை. ஒருவன் மற்றொருவனை இகழ்கிறான். நாணுதல் செயப்படுபொருள் குன்றியவினை. அது நாணுவோனிடமே தொடங்கி அவனிடமே முடிகிறது. எஸ்பியர்க்கில் எம்மைச் சூழ்ந்து வழங்கும் டேனிய மொழியிலும் இகழ்தற்குரிய 'ஹோனெ' பிறரைச் செயப்படுபொருளாகக் கொள்ள, நாணுதற்குரிய 'ஸ்கம்மெ' தற்சுட்டுப் பெயரோடு வருகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் எள்ளலை நகையின் நிலைக்களன்களுள் ஒன்றாக்கி, இளிவரலைத் தனி மெய்ப்பாடாக வைக்கிறது. எள்ளுவோன் நகைக்கிறான், இளிவரல் வேறொருவனுடையது.

புறநானூறு இதற்கு இரு சான்றுகள் தருகிறது. வெண்ணிப் போரில் கரிகாலனிடம் புறப்புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்தான். அவனை எவரும் இகழ்ந்ததாகப் பாடல்கள் கூறவில்லை. வெண்ணிக் குயத்தியாரோ வென்றவனினும் அவனையே நல்லவனாகப் போற்றுகிறார். இங்கு இகழ்ச்சியின்றியே நாணம் பிறந்தது. குடவாயிற் கோட்டத்துச் சிறையில் சேரமான் கணைக்கால் இரும்பொறை கேட்டபோது கிடைக்காத தண்ணீர், பின்னர்க் கிடைத்தும் அவன் பருகாது துஞ்சினான் என்கிறது 74ஆம் பாடலின் அடிக்குறிப்பு. காவலர் செய்தது இகழ்ச்சி. இரந்து உண்ண மறுத்தது அவனது மானம்.

இவ்வேறுபாடு டென்மார்க்குத் தமிழருக்கு ஏட்டளவில் நிற்பதன்று. 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், இலங்கைத் தமிழ் ஏதிலியரின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போடச் செய்தார். 'தமிழர் வழக்கு' எனப்பட்ட இவ்விவகாரத்தால் 1993 சனவரியில் பிரதமர் போல் ஸ்லூட்டர் பதவி விலகினார். 1995இல் அமைச்சர்களை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது.

அக்காலத்தை நினைவுகூர்வோர் அதனை 'எமக்கு நேர்ந்த அவமானம்' என்பர். அச்சொல் இருபொருள் மயக்கத்தால், இகழப்பட்டோர்மீதே நாணத்தையும் ஏற்றிவிடுகிறது. மனைவி மக்களுக்காகச் சட்டவழி விண்ணப்பித்துக் காத்திருந்தோர் நாணத்தக்கது எதுவும் செய்திலர். அவர்கள் பெற்றது இகழ்ச்சி. நாணம் ஆட்சிக்கு உரியது. 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பை ஓர் அரசு தன்னைக் குறித்துத் தானே நாணிய செயலாகக் கொள்ளலாம். அடுத்த தலைமுறைக்கு இவ்வரலாற்றை எழுதுவோர் இவ்விரு சொற்களையும் பிரித்தே ஆளுதல் வேண்டும்.