மாத்தாங் கண்டற்காடும் சமூகம்சார் சூழல் சுற்றுலாவும்: ஒரு வரலாற்று நோக்கு

சங்க இலக்கியத்தில் நெய்தல் நிலத்துக்குரிய மரமாகக் கண்டல் பலவிடங்களிற் பேசப்படுகின்றது. வகுப்பறையில் நெய்தலைக் கற்பிக்கும் ஆசிரியர், அம்மரத்தை மாணவர்க்கு நேரிற் காட்ட விழைந்தால் மலேசியாவில் மாத்தாங்கைவிடச் சிறந்த இடம் அரிது. ஆயினும் ஈண்டு நாம் ஆராய முற்படுவது இலக்கியக் கண்டலை அன்று. நூறாண்டுக்கு மேலாக வெட்டப்பட்டும் அழியாது நிற்கும் ஒரு காட்டையும், அதனைச் சார்ந்து வாழ்வோர் சுற்றுலாவின்வழிப் பெறும் பங்கையும் பற்றியே இங்குப் பேசுகின்றோம்.

பேராக் மாநிலத்தின் வடமேற்குக் கரையில் ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் பரப்பில் அமைந்துள்ள இக்காடு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் காப்புக்காடாக்கப்பட்டது. இயற்கையின்மீது கொண்ட பற்றினால் அன்று அது நிகழ்ந்தது. ஈயத் தொழிலுக்கும் நீராவி இரயிலுக்கும் விறகு தேவைப்பட்டது. அது தீர்ந்துவிடலாகாது என்னும் கணக்கே காப்புக்கு வித்திட்டது. இவ்வுண்மையை மறந்து மாத்தாங்கைத் 'தீண்டப்படாத காடு' எனப் பயணியரிடம் அறிமுகப்படுத்துவது பிழையாகும். முப்பது ஆண்டுச் சுழற்சியில் மரங்கள் வெட்டப்படுகின்றன. இடையே பதினைந்தாம், இருபதாம் ஆண்டுகளில் நெருக்கமான மரங்கள் களையப்பட்டுக் கட்டடக் கழிகளாகின்றன. தானே முளைக்காத இடங்களில் கன்று நடப்படுகின்றது. பத்தாண்டுத் திட்டங்களின்வழி இம்முறை தொடர்ந்து செம்மைப்படுத்தப்பட்டுள்ளது.

1930ஆம் ஆண்டளவில் இங்குக் கரிச்சூளைகள் அறிமுகமாயின. குவிமாட வடிவிலான அச்சூளைகளுக்குள், பட்டை உரிக்கப்பட்ட பக்காவ் கட்டைகள் செங்குத்தாக அடுக்கப்படும். ஏறக்குறைய ஒரு மாதம் நீளும் இவ்வேலையில், புகையின் மணத்தையும் நிறத்தையும் கொண்டே சூளையின் நிலையை உணர்கின்றனர் தொழிலாளர். எந்நாளில் வாயை அடைப்பது, எந்நாளில் திறப்பது என்பதெல்லாம் பட்டறிவினால் வந்த கல்வி. கோலா செபத்தாங்கிற்கு வரும் பயணியர் இன்று விரும்பிக் காண்பவற்றுள் இச்சூளைகளும் அடங்கும். எனினும் படம் பிடித்துச் செல்வோரால் தொழிலாளர்க்கு என்ன கிட்டுகின்றது என வினவுதல் வேண்டும். சூளையைக் காட்சிப்பொருளாக்குவது எளிது; அதில் உழைப்பவரைப் பங்காளியாக்குவது கடினம். பயணியர் கட்டணம் படகு உரிமையாளரிடத்தும் உணவகங்களிலும் தங்கிவிடுமாயின், அதனைச் 'சமூகம்சார்' சுற்றுலா எனல் பொருந்தாது.

செபத்தாங் ஆற்றின் மேற்பகுதியிலுள்ள கம்போங் டியூ இவ்வகையில் தனித்து நோக்கத்தக்கது. ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒத்திசைந்து ஒளிரும் காட்சியை ஊர்மக்களே படகில் அழைத்துச் சென்று காட்டுகின்றனர். இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. மின்மினிகள் ஒளிர்வது மரத்திலெனினும், அவற்றின் புழுக்கள் வளர்வது கரைக்குப் பின்புறமுள்ள ஈரமண்ணிலாகும். அங்குள்ள சிறு நத்தைகளே அவற்றின் உணவு. காப்புக்காட்டின் எல்லைக்கோடு இவ்வாழிடத்தை முழுமையாகத் தழுவுவதில்லை. ஆற்றோர நிலம் செம்பனைக்கோ இறால் குளத்துக்கோ திருத்தப்பட்டால், மரம் எஞ்சினும் ஒளி எஞ்சாது. சிலாங்கூர் ஆற்றின் கம்போங் குவாந்தானிலும் கரையோரத் தாவரங்களின் அழிவு குறித்த கவலை நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வந்துள்ளது. ஆகவே ஊர்மக்களுக்குப் படகோட்டும் உரிமத்தோடு, ஆற்றோர நிலப்பயன்பாட்டைத் தீர்மானிப்பதிலும் இடமளித்தல் வேண்டுமென்பது எம் கருத்து.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர்க் கண்டற்காடுகளின் மதிப்பு நாடெங்கும் மீள உணரப்பட்டது. வடக்கேயுள்ள கோலா கூலாவில் கன்று வளர்ப்பும் நடவும் மீனவர் குடும்பங்களின் பங்கேற்போடு நடைபெற்றுள்ளன. அங்கு நீர்ப்பறவைகளைக் காணவும் பலர் வருகின்றனர்.

தமிழாசிரியர் கருத்திற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கோலா கூலா அமைந்த கிரியான் வட்டாரத்தின் கரும்புத் தோட்டங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தனர். கோலா செபத்தாங்கின் பழைய பெயர் போர்ட் வெல்ட். தைப்பிங்கிலிருந்து அத்துறைமுகத்திற்கு 1885 ஜூன் 1இல் திறக்கப்பட்ட இருப்புப்பாதையே மலாய் மாநிலங்களில் முதலாவதாகும். அதனை அமைப்பதற்கு இலங்கையிலிருந்து தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். அப்பாதையில் இன்று இரயில் இல்லை. நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் ஊர் நடுவே நிற்கின்றது. அதிலுள்ள எழுத்துகளுள் தமிழும் ஒன்று. மாணவரைக் கண்டல் காண அழைத்துச் செல்வோர், படகேறுமுன் அப்பலகையருகே சற்று நின்று அதனைப் படிக்கச் செய்யலாம்.