மீன்பிடித்தவர்களா, ஆற்றோடு நடந்தவர்களா? தேரி நுண்கற்கருவிகளும் வைப்பாற்று வழியும்

தென்பாண்டிக் கடற்கரையில் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளில் கிடைக்கும் நுண்கற்கருவிகளைப் பற்றி இன்றும் பெரிதும் எடுத்தாளப்படுவது, எஃப். இ. சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் 1956இல் 'ஏன்ஷியன்ட் இந்தியா' 12ஆம் இதழில் எழுதிய கட்டுரைதான். கடல் மட்டம் இன்றையதைவிட 20 முதல் 30 அடி உயர்ந்து நின்ற ஒரு காலத்தோடு தேரிகளை இணைத்து, கருவிகளுக்குச் சுமார் கி.மு. 4000 என்று காலம் குறித்தார்கள். அவற்றைச் செய்தவர்கள், கரையோர மணல்மேடுகளின் மறைவில் இன்றும் குடியிருக்கும் மீனவர்களைப் போலக் கழிமுகத்தையும் காயலையும் ஒட்டி வாழ்ந்தவர்கள் என்றும் கருதினார்கள். காலக்கணிப்பு பின்னாளில் கேள்விக்குள்ளானது. வாழ்க்கை பற்றிய ஊகமோ அந்த அளவு சோதிக்கப்படவில்லை. வைப்பாற்றின் மேற்பகுதியில் உள்ள வெம்பக்கோட்டையை முன்வைத்து இக்கட்டுரை சோதிப்பது அதைத்தான்.

ஆதி மனிதரின் ஒரு நாளைப் பற்றி நேரடியாகப் பேசக்கூடிய சான்று புதைபடிவக் காலடித் தடமே. தான்சானியாவின் எங்காரே செரோவில் எரிமலைச் சேற்றில் பதிந்த நானூறுக்கும் மேற்பட்ட தடங்களில், 17 பேர் சேர்ந்து ஒரே திசையில் நடந்த வரிசை ஒன்று உண்டு. அவர்களில் 14 பேர் வளர்ந்த பெண்களாக இருக்கலாம் என்று 2020இல் வெளியான ஆய்வு கணித்தது. இன்றைய வேட்டை, உணவு சேகரிப்புச் சமூகங்களோடு ஒப்பிட்டு, உணவு தேடிப் போன கூட்டம் என்று அதை வாசித்தது. இதுவும் ஒப்புமைதான். ஆனால் ஒப்புமைக்கு முன்னால் காலடி இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அத்தடங்களின் காலம் ஏறத்தாழ 19,000 ஆண்டுக்கும் 5,760 ஆண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. செய்கை தெளிவு, காலம் தெளிவில்லை. இரண்டும் தனித்தனிக் கேள்விகள் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

தமிழ்நாட்டில் அதிரம்பாக்கத்துக் களிமண்ணில், அச்சூலியக் கருவிகளோடு விலங்குகளின் குளம்புத் தடங்களைச் சாந்தி பப்பு குழுவினர் கண்டிருக்கிறார்கள். வைப்பாற்றுப் படுகையில் அப்படி எதிர்பார்க்க வழியில்லை. சிவகாசிக்குத் தீப்பெட்டியையும் பட்டாசையும் கொண்டுவந்து சேர்த்த அதே வறட்சி, இப்படுகையின் கரிசல் மண்ணைக் கோடையில் ஆழமாக வெடிக்கவைக்கிறது. மேல்மண் வெடிப்புக்குள் விழும்; மழையில் மண் ஊதி எல்லாம் புரளும். தன்னைத் தானே உழும் மண் எந்தப் பாதத்தையும் வைத்துக்கொள்ளாது. தேரியின் செம்மணலைக் காற்றே உழுதுவிடுகிறது.

தடம் இல்லாத இடத்தில் சாய்னரும் ஆல்சினும் எதைக் கொண்டு மீன்பிடிப்பைச் சொன்னார்கள்? மீன்முள்ளை வைத்தல்ல. கடல் அருகில் இருந்தது என்ற கணிப்பையும் இன்றைய மீனவர் ஒப்புமையையும் வைத்துத்தான். அதாவது, காலத்தைத் தந்த கடல் மட்டமே பிழைப்பையும் தந்தது. ஒற்றைக் காலில் நிற்கும் வாதம் இது. அந்தக் காலும் இன்று நிற்கவில்லை. கடந்த ஏழெட்டாயிரம் ஆண்டுகளில் இக்கரையில் கடல் இன்றைய மட்டத்துக்கு மேல் உயர்ந்தது ஓரிரு மீட்டரே, மிஞ்சினால் சற்றுக் கூடுதல். 20, 30 அடி என்பது சுமார் 1,25,000 ஆண்டுக்கு முந்தைய வெப்பக் காலத்துக்குப் பொருந்தும் உயரம்.

மணல் கடைசியாக வெயில் கண்ட காலத்தை அளக்கும் ஒளியுமிழ் முறையில் ஜெயங்கொண்டபெருமாள் குழுவினர் 2012இல் வெளியிட்ட முடிவு, கரையை அடுத்த தேரிமணல் ஏறத்தாழ 11,400 முதல் 5,600 ஆண்டுகளுக்கு முன் படிந்தது என்கிறது. இதன் பிந்தைய முனை சாய்னரின் கி.மு. 4000க்கு மிக அருகில் வருவதை மறைக்க வேண்டியதில்லை. வந்து சேர்ந்த இடம் சரியாகவே இருக்கலாம். வந்த வழி சரியில்லை. முந்தைய முனையை எடுத்துக்கொண்டால் கதை மாறுகிறது. அப்போது கடல் பல பத்து மீட்டர் தாழ்ந்து, கரை கிழக்கே வெகுதூரம் தள்ளியிருந்தது. இலங்கைக்கு நிலவழி இருந்தது. அன்று அந்த மணலில் உட்கார்ந்து கல் செதுக்கியவர் கடலோரத்தில் உட்காரவில்லை. தேரிக் கருவிகளின் அடையாளமான, இருபுறமும் அழுத்திச் செதுக்கிய கூர்முனைகள் இலங்கையிலும் கிடைப்பதை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே தெற்குக் கரையின் பூந்தல மணல்படிவுகளில் நுண்கருவிகளுக்கு 28,000 ஆண்டு அளவில் காலம் குறித்தார் சிரான் தெரணியகல. நம் தேரிக் கருவிகள் அவ்வளவு பழையவை என்று நான் சொல்லவில்லை. கருவி மணலுக்கு அடியில் இருந்ததா, மணலோடு வந்ததா, காற்று மணலை அள்ளிப்போன பின் மேலே தங்கியதா என்பது ஒவ்வொரு இடத்துக்கும் தனியே தீர்க்கப்பட வேண்டியது.

என் வாதம் வேறொரு சிறு செய்தியில் நிற்கிறது. தேரியில் கல் கிடையாது. இராபர்ட் புரூஸ் ஃபூட் 1883இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை எழுதிய காலத்திலிருந்தே இது தெரிந்ததுதான். ஆனால் அதன் பொருளை யாரும் அழுத்திச் சொல்லவில்லை. அம்மணலில் கிடக்கும் ஒவ்வொரு செர்ட் சில்லையும் ஒவ்வொரு வெங்கச்சங்கல் துண்டையும் யாரோ ஒருவர் வெளியிலிருந்து சுமந்து வந்திருக்கிறார். வெங்கச்சங்கல் நரம்புகள் ஓடும் பாறை உள்நாட்டில் இருக்கிறது. அதன் கூழாங்கற்களை ஆறு உருட்டிக் கொண்டுவருகிறது. எனவே தேரியில் கிடைக்கும் கழிவுச் சில்லு மீன்பிடிப்புக்குச் சான்றாகாவிட்டாலும் நடைக்குச் சான்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து சாத்தூர் வழியே மன்னார் வளைகுடாவுக்கு இறங்கும் வைப்பாறு அந்நடைக்கு இயல்பான வழி. சாய்னர், ஆல்சின் பட்டியலில் உள்ள குளத்தூரும் சூரங்குடியும் அதன் கழிமுகப் பக்கத்தவை.

அதே ஆற்றின் மேற்பகுதியில், கடலிலிருந்து நேர்க்கோட்டில் 60 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே, பட்டாசு ஆலைகளுக்கு நடுவே இருக்கிறது வெம்பக்கோட்டை மேட்டுக்காடு. மாநிலத் தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அங்கே தோண்டத் தொடங்கியது. முதல் இரு கட்டங்களில் பதிவான 7,914 பொருட்களில் பேச்சானவை சங்கு வளையல்களும் சுடுமண் பொருட்களும் பொன் அணிகளும். அவற்றோடு நுண்கற்கருவிகளும் கிடைத்தன. கடற்கரையே இம்மக்களின் உலகம் என்றால் இவை இங்கே ஏன்? மீனவர் வேறு, மேட்டுக்காட்டார் வேறு என்று ஒருவர் மறுக்கலாம். அதற்கு உறுதியான பதில் இல்லை. சங்கு கடலிலிருந்து இங்கு வந்தது உண்மை. ஆனால் அது பல ஆயிரம் ஆண்டு பிந்தைய, வரலாற்றுத் தொடக்கக் காலச் செய்தி. அதைப் பின்னோக்கி இழுத்துச் சான்றாக்கினால் சாய்னர் செய்ததையே நானும் செய்தவனாவேன். வெம்பக்கோட்டைக் கருவிகளின் வடிவம் தேரியோடு ஒத்துப்போனாலும்கூட ஒரே காலம் என்றாகாது. ஆந்திரத்து ஜுவாலாபுரத்தில் நுண்கருவிகள் 35,000 ஆண்டுக்கு முன்பே தொடங்கி மிக நீண்ட காலம் தொடர்ந்தவை.

ஆகவே ஒப்பிட வேண்டியது வடிவத்தை அல்ல, கல்லை. குளத்தூர்ப் பக்கத்துச் செர்ட்டும் மேட்டுக்காட்டுச் செர்ட்டும் ஒரே பாறையிலிருந்து வந்தவையா என்பது நுண்சீவல் ஆய்வில் தெரியக்கூடியது. காலடித் தடத்தைத் தேடுவதானால் கரிசலையும் தேரியையும் விட்டு, மணப்பாடு, திருச்செந்தூர்க் கரையில் இறுகிய சுண்ண மணற்பாறைகளைப் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் லாங்கேபானில் சுமார் 1,17,000 ஆண்டு பழைய மனிதத் தடங்கள் 1995இல் கிடைத்தது அப்படி இறுகிய மணல்மேட்டுப் பாறையில்தான்.