நோம் பென் நகரின் குடிநீரும் சிப்பந்திகளின் பொறுப்பும்

பொது ஸ்தாபனங்களில் சிப்பந்தியின் திறமையை எதைக்கொண்டு அளப்பது என்ற கேள்விக்கு, வருகைப் பதிவேட்டையும் வருஷாந்திர ரகசிய அறிக்கையையும் எடுத்துக் காட்டி நம் காரியாலயங்கள் திருப்தியடைந்துவிடுகின்றன. கம்போடியத் தலைநகரான நோம் பென்னின் குடிநீர் நிர்வாகமோ, அவன் பொறுப்பிலுள்ள குழாய்களில் எவ்வளவு நீர் விரயமாகிறது என்பதையும் அளவுகோலாகக் கொண்டு ஓர் அரிய மாறுதலைச் சாதித்தது.

1993இல் எக் சோன் சான் தலைமைப் பொறுப்பை ஏற்றபோது, 1975இல் ஊரையே காலி செய்வித்த கொடுங்கோன்மையாலும் நெடிய யுத்தத்தாலும் சிதைந்து கிடந்த அந்நிர்வாகத்தில், உற்பத்தியான நீரில் 72 சதவீதம் ஒரு காசும் ஈட்டாமல் மறைந்தது. குழாய்க் கசிவு ஒரு காரணம். சிப்பந்திகளே கைக்கூலி பெற்றுத் திருட்டு இணைப்புக் கொடுத்தது மற்றொன்று. நீர் வராத வீட்டுக்குக் கட்டணச் சீட்டும், சீட்டே போகாத வீட்டுக்கு நீரும் சென்றுகொண்டிருந்தன.

அவர் வீடுவீடாகக் கணக்கெடுத்து மீட்டர் பொருத்தினார். படைத்தலைவர் ஒருவர் வீட்டில் தம்மீது துப்பாக்கி நீட்டப்பட்டபோதும், காவலர்களுடன் திரும்பிச் சென்று இணைப்பைத் துண்டித்தே தீர்ந்தார். பெரிய மனிதரின் பாக்கியை வசூலிக்க மேலதிகாரியே துணிந்த பிறகுதான், கீழ்நிலைச் சிப்பந்தியிடம் நாணயத்தை எதிர்பார்க்கும் தார்மிக உரிமை நிர்வாகத்துக்கு உண்டாகிறது என்பது என் திடமான எண்ணம்.

பின்னர் நகரம் வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஊர் உறங்கும் நடுநிசியில், பெரும்பாலோர் குழாயைத் திறவாத வேளையிலும் வட்டத்து மீட்டர் விரைந்து ஓடுமாயின் பூமிக்கடியில் கசிவு உண்டென்று அறிந்து, அதற்கென அமைந்த குழுவினர் ஒலி கேட்கும் கருவியை வீதியில் ஊன்றி இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். விரயத்தைக் குறைத்த குழுவுக்குச் சன்மானமும், திருட்டுக்கு உடந்தையானவருக்கு வேலைநீக்கமும் கிடைத்தன. 1996இல் அரசாங்கம் வழங்கிய சுயாதிகாரம், நீர்க்கட்டண வருமானத்திலிருந்தே சம்பளத்தை உயர்த்த இடமளித்தது. 2010 வாக்கில் விரயம் ஏறக்குறைய 6 சதவீதமாயிற்று.

ஆயிரம் இணைப்புகளுக்கு 22 சிப்பந்திகள் என்றிருந்த விகிதம் 4க்கும் கீழே இறங்கியதைச் சுட்டி, ஆட்குறைப்பே திறமைக்கு வழி என்று வாதிப்போர் உண்டு. அவர்கள் கணக்கைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். ஆட்தொகை பெரிதும் குறையவில்லை; 27,000க்குச் சற்றுக் குறைவாயிருந்த இணைப்புகள் சுமார் 2 லட்சமாகப் பெருகின, அவற்றையும் ஏறத்தாழ அதே அளவினரான சிப்பந்திகளே பராமரித்தார்கள்.