பயணி இறங்கும் இடம்: பாரிமுனை முதல் கிளாம்பாக்கம் வரை

 

நம் பள்ளியின் வக்ஃபுக் கடைகளுடைய வாடகை பற்றிய பேச்சு இவ்வாண்டு நிர்வாகக் கூட்டத்தில் எழுந்தது. வாடகையை உயர்த்துவதா, இருப்பதையாவது ஒழுங்காகப் பெறுவதா என்று விவாதம் நீண்டபோது, மூத்த உறுப்பினர் ஒருவர், "கடையில் குறை ஒன்றும் இல்லை ஹஜ்ரத். கடைக்கு முன்னால் நடந்த கால்கள்தாம் குறைந்துவிட்டன" என்றார். அந்த ஒரு சொல் நம் உள்ளத்தில் தங்கிவிட்டது. அந்தக் கால்கள் எங்கிருந்து வந்தன, எப்போது எந்தப் பக்கம் திரும்பின என்று ஆராயப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

ஜார்ஜ் டவுன் என்று இன்று நாம் அழைக்கும் பகுதி, ஆங்கிலேயர் கருப்பர் பட்டணம் என்று குறிப்பிட்ட ஊரின் இரண்டாம் பிறப்பாகும். முதலாவது பட்டணம் புனித ஜார்ஜ் கோட்டையின் வடமதிலை ஒட்டி, இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் பகுதியில் அமைந்திருந்தது. 1746ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றினர். பின்னர் அது ஆங்கிலேயர் கைக்குத் திரும்பினாலும், 1758 டிசம்பரில் லாலியின் படை மீண்டும் வந்து முற்றுகையிட்டது. மதிலருகே வீடுகள் இருந்தால் பகைவர் அவற்றின் மறைவில் நெருங்கிவிடுவர் என்பதைக் கண்டுகொண்ட கம்பெனியார், பழைய பட்டணத்தை அகற்றிக் கோட்டைக்கு முன்னால் வெட்டவெளியை உண்டாக்கினர். எஸ்பிளனேடு என்ற பெயர் அவ்வெளிக்கு உரியது. அதன் எல்லையைக் குறிக்க நடப்பட்ட தூண்களுள் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரமாக இன்றும் நிற்கின்றது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அதைக் கடந்து செல்கின்றனர். நின்று பார்ப்பவர் அரிது.

அந்த இடிப்பில் பட்டணத்துப் பெருங்கோயிலும் போயிற்று. ஆயினும் கம்பெனியார் அதற்கு மாற்று நிலம் வழங்கினர். மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று, சென்னகேசவர், சென்னமல்லீசுவரர் என்னும் இரட்டைக் கோயில்களைப் புதிய பட்டணத்தில் எழுப்பினார். நிலத்துக்கு நிலம் என்னும் இந்த நியாயத்தை, படை வலிமையால் ஆண்ட ஒரு வணிகக் கம்பெனி 18ஆம் நூற்றாண்டிலேயே ஒப்புக்கொண்டது என்பதை வாசகர்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம். கட்டுரையின் பிற்பகுதியில் இது தேவைப்படும்.

புதிய பட்டணம் முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை என இரு பகுதிகளாக வளர்ந்தது. இரண்டுக்கும் நடுவே தாழ்வான நீரோடை கிடந்தது. ஸ்டீபன் பாப்ஹாம் என்னும் வழக்கறிஞர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதை வடித்துத் தூர்த்துத் தெருவாக்கினார். அதுவே பாப்ஹாம்ஸ் பிராட்வே. இன்றைய பிரகாசம் சாலை. மேற்கெல்லையில் மதில் எழுந்தது. அதற்கென வரி விதிக்க முயன்று, வசூல் நடவாமற்போன கதையால் வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் நிலைத்தது என்பர். செலுத்தாத வரிக்கு ஒரு சாலையே நினைவுச்சின்னமாக இருப்பது உலகில் வேறெங்கும் உண்டோ, அல்லாஹ்வே அறிவான்.

இப்பகுதி நகரின் நடுவிடமாக ஆனதற்குக் காரணம் ஒன்றே. வருவோர் அனைவரும் இங்கேயே இறங்கினர். துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்னர், நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து மசூலாப் படகுகள் ஆளையும் சரக்கையும் அலைமேல் ஏற்றிக்கொண்டு வந்து, இன்றைய ராஜாஜி சாலையின் கரையில் சேர்த்தன. 1856இல் தென்னிந்தியாவின் முதல் இரயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. 1873இல் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. 1895 மே மாதம் மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. துறைமுகப் பக்கத்திலிருந்து மவுண்ட் ரோடு வரை தண்டவாளங்கள் சென்றன. இரயிலில் வந்தவர் நடந்தோ டிராம் ஏறியோ சற்று நேரத்தில் கடைத்தெருவை அடைந்தனர். வாணியம்பாடி, ஆம்பூர் தோல் வணிகர்கள் சென்ட்ரலுக்கு அருகிலிருக்கும் பெரியமேட்டில் கிட்டங்கிகள் வைத்துக்கொண்டதும், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் வணிகர்கள் துறைமுகத்துக்கு அருகிலிருக்கும் மண்ணடியில் கடை கொண்டதும் இறங்குமிடத்தின் அருகாமையால் விளைந்தவையே. நம் முன்னோர் பள்ளிவாசல்களை எழுப்பியதும் அவ்வாறே. தொழுகையாளிகள் எங்கிருந்தனரோ அங்கே பள்ளி எழுந்தது.

டிராம் கம்பெனி நட்டத்தில் மூழ்கி 1953 ஏப்ரலில் நின்றது. அதனால் கடைத்தெருவுக்குப் பெரும் பாதிப்பு ஏதும் நேரவில்லை. பேருந்துகள் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. அவையும் பாரிமுனையிலேயே வந்து நின்றன. வாகனம் மாறினாலும் இறங்குமிடம் மாறவில்லை.

இனி, மூர்மார்க்கெட். இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். ஏனெனில் நம் ஜமாஅத்தின் முதியவர்களுள் அங்கே பழைய புத்தகமோ, பறவைக் கூண்டோ, கிராமபோன் தட்டோ வாங்காதவர் இரார். பிராட்வேயில் இருந்த பழைய சந்தை நெரிசலும் அசுத்தமும் மிகுந்ததாகக் கருதப்பட்டு, அங்கிருந்த வணிகரை அகற்றி அமர்த்தும் நோக்கில் மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898இல் இதற்கு அடிக்கல் நாட்டினார். 1900இல் ஆளுநர் ஹேவ்லாக் திறந்து வைத்தார். பீப்பிள்ஸ் பார்க் என்னும் பெரும் பூங்காவின் ஓரத்தில், சென்ட்ரலுக்கு அடுத்தாற்போல், இந்தோ சாரசெனிக் பாணியில் செங்கல் வளைவுகளோடு நாற்புறமும் தாழ்வாரம் ஓடிய கட்டடம் அது. அகற்றப்பட்டவர்களுக்காகக் கட்டப்பட்டதே நகரின் அழகான சந்தையாயிற்று என்பது கருதத்தக்கது. இடத்தேர்வு அதற்குத் துணை நின்றது. இரயிலுக்குக் காத்திருப்பவன் உள்ளே நுழைவான். வாங்கும் எண்ணம் இல்லாதவனும் ஒன்றை வாங்கிக்கொண்டே வெளியே வருவான்.

புறநகர் இரயில்கள் பெருகியபோது சென்ட்ரலுக்கு இடம் போதவில்லை. அது உண்மையான தேவை, மறுப்பதற்கில்லை. மூர்மார்க்கெட் நின்ற நிலத்தை இரயில்வேக்கு வழங்குவது பற்றிய பேச்சு நடந்துவந்த காலத்தில், 1985 மே 30 அன்று தீ பற்றிச் சந்தை எரிந்தது. எரிந்து நின்ற சுவர்களும் பின்னர் அகற்றப்பட்டன. அவ்விடத்தில் இரயில்வேயின் பல மாடிக் கட்டடமும் புறநகர் நிலையமும் எழுந்தன. வணிகருக்கு அருகிலிருந்த அல்லிக்குளத்தில் மாநகராட்சி வணிக வளாகம் கட்டிக் கொடுத்தது. கடைக்குக் கடை கிடைத்தது. ஆனால் இரயிலுக்குக் காத்திருப்பவன் சாலையைக் கடந்து, படியேறி, பறவைக் கூண்டு பார்க்க வரவில்லை. சில நூறு கெஜத் தொலைவுதான்! கம்பெனிக் காலத்து நியாயத்தின்படி நிலத்துக்கு நிலம் என்றால் கணக்குத் தீர்ந்தது. வணிகனுக்கோ நிலம் மட்டும் சொத்தன்று. வாசலைக் கடக்கும் வழிப்போக்கனும் அவன் சொத்தே. அதை எந்த இழப்பீட்டு ஏட்டிலும் எழுதுவதில்லை.

மூர்மார்க்கெட்டின் சிறு மாதிரி ஒன்றை நிலைய வளாகத்தில் செய்து வைத்தார்கள். கும்மிடிப்பூண்டி, அரக்கோணம் மார்க்க மின்வண்டிகள் புறப்படும் பகுதிக்கு இரயில்வே வழக்கில் மூர்மார்க்கெட் வளாகம் என்பதே பெயர். பெயருக்கு இடம் கிடைத்துவிட்டது.

பூங்காவில் இருந்த விலங்குகளையும் அந்தக் காலகட்டத்தில் வண்டலூருக்குக் கொண்டு சென்றனர். 1985இல் அங்கே புதிய பூங்கா திறக்கப்பட்டது. சிங்கமும் கரடியும் போன வழியிலேயே ஒருநாள் வெளியூர்ப் பேருந்துகளும் போகும் என்று அப்போது யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

அடுத்த பெயர்ச்சி காய்கறிக்கு வந்தது. கொத்தவால் சாவடியின் மொத்த வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. அங்கே சென்று வந்தவர்கள் நேர்மையாகச் சொல்லட்டும்: அந்தக் குறுகிய தெருக்களில் லாரியும் கைவண்டியும் அழுகிய தழையும் சேர்ந்து கிடந்த நிலையில், மாற்றாமல் விட்டிருக்க இயலுமா? நம்மவர் கடைகளும் அக்காலத்தில் நடைபாதையை விழுங்கியே இருந்தன. பாதைக்கும் ஓர் உரிமை உண்டு என்று மார்க்கம் கற்பிப்பதை மிம்பரில் சொல்லும் நாம், ஜும்ஆ நாளில் நம் வாகனங்கள் நிற்கும் கோலத்தையும் மறைக்கலாகாது.

ஆனால் 2002 நவம்பரில் நிகழ்ந்தது வேறு வகை. அதுவரை பிராட்வேயிலும் அதையடுத்த எஸ்பிளனேடு பகுதியிலும் நின்று புறப்பட்ட வெளியூர்ப் பேருந்துகள், கோயம்பேட்டில் சுமார் 37 ஏக்கரில் அமைந்த புதிய நிலையத்துக்கு மாறின. நாம் 1990களில் ஓதும் பிள்ளையாக ஊரிலிருந்து வரும்போது, விடியற்காலையில் பாரிமுனையில்தான் இறங்குவோம். டிரங்குப் பெட்டியோடு கீழே காலை வைத்ததுமே தேநீர்க் கடையின் ஆவியும் துறைமுகச் சங்கும் ஒருங்கே வரவேற்கும். ஃபஜ்ருக்கு அருகிலிருக்கும் பள்ளிக்கு ஓடினால், நம்மைப் போலவே பெட்டியும் பையுமாக முஸாஃபிர்கள் ஒரு வரிசை நிற்பார்கள். ளுஹரிலும் அஸரிலும் இரண்டு ரக்அத்தோடு ஸலாம் கொடுத்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்க விரைபவர்கள் இருந்தார்கள். கோயம்பேடு திறந்த சில வாரங்களிலேயே அந்த வரிசை கரைந்துவிட்டதாக நம் பள்ளியின் பழைய மோதினார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர் கணக்கு எழுதி வைத்தவர் அல்லர். ஹவுளில் தண்ணீர் குறையும் வேகத்தைக் கொண்டு அறிந்தாராம்.

கடைத்தெருவில் கரைந்தது மூட்டை. கோடவுன் தெருவின் துணிக்கும், ஆண்டர்சன் தெருவின் காகிதத்துக்கும் அழைப்பிதழுக்கும் வெளியூர்ச் சிறு வியாபாரியே பெரும் வாடிக்கையாளராக இருந்தார். இரவுப் பேருந்தில் வருவார். பகலில் கொள்முதல் செய்வார். மாலையில் மூட்டையைப் பேருந்தின் மேல் ஏற்றிக்கொண்டு திரும்புவார். விடுதி வேண்டாம், வண்டி வாடகை வேண்டாம். மூட்டை சுமந்தவர், உணவுக்கடைக்காரர், கைவண்டி இழுத்தவர் ஆகியோர் அவரால் பிழைத்தனர். பேருந்து பத்துக் கிலோமீட்டர் அப்பால் போனதும், அவருடைய கொள்முதலில் ஒரு பகுதி வாடகைக்குப் போயிற்று. பலர் பார்சல் சேவைக்கு மாறினர். சிலர் தம் மாவட்டத் தலைநகரிலேயே வாங்கத் தொடங்கினர்.

2019 பிப்ரவரியில் மெட்ரோ இரயில் நம் தெருக்களின் அடியில் ஓடத் தொடங்கியது. உயர் நீதிமன்றம், மண்ணடி என இரு நிலையங்கள் நமக்கு வாய்த்தன. பல ஆண்டுகள் சாலைகள் அடைபட்டுக் கிடந்தபோது நாம் பட்ட சிரமத்தை மறந்து, இதைப் பெரும் வசதி என்றே ஒப்புக்கொள்கிறோம். விமான நிலையத்திலிருந்து மண்ணடிக்கு நெரிசலின்றி வர முடிகிறது. முதியோர் மின்தூக்கியில் மேலே வருகின்றனர். கால்கள் ஓரளவு திரும்பி வந்துள்ளன. ஆயினும் வெறுங்கையோடு வருகின்றன. பெரிய மூட்டைகளை மெட்ரோவில் ஏற்ற விதி இடம் தருவதில்லை. 2023 டிசம்பர் 30 அன்று வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டு, தென் மாவட்டப் பேருந்துகள் அங்கே நிற்கத் தொடங்கின. பாரிமுனையிலிருந்து அது ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வரும் வியாபாரிக்கு நம் கடைத்தெரு மற்றோர் ஊராகிவிட்டது.

இப்போது பிராட்வே பேருந்து நிலையத்தையும் அதையடுத்த குறளகத்தையும் அகற்றி, பேருந்தும் கடைகளும் ஒருங்கே அமையும் பல அடுக்குக் கட்டடம் எழுப்பும் திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. நாம் அதை எதிர்க்கவில்லை. மழைக்காலத்தில் அந்நிலையத்தில் நின்றவர் எவரும் எதிர்க்கமாட்டார். நாம் கேட்பவை சிலவே. கட்டுமானம் நடக்கும் காலத்தில் நடைபாதை வணிகருக்கு எங்கே இடம்? புதிய கடைகள் அமைவது பயணி நடக்கும் வழியிலா, அல்லிக்குளத்தைப் போல் அவன் ஏறாத மாடியிலா? மூட்டையோடு வருபவருக்கு ஏறி இறங்க ஓரிடம் வரைபடத்தில் உண்டா? இவற்றைக் கட்டி முடித்த பின் கேட்டுப் பயனில்லை. சுற்றுவட்டாரத்து வணிகர் சங்கங்களோடு சேர்ந்து இப்போதே மனுவாக அளிக்க நிர்வாகக் குழு இசைந்துள்ளது, அல்ஹம்துலில்லாஹ்.

மனுவுக்கு ஆதாரம் வேண்டும். மூர்மார்க்கெட்டிலோ, கொத்தவால் சாவடியிலோ, பழைய பேருந்து நிலையத்தின் ஓரத்திலோ கடை வைத்திருந்த குடும்பத்தார் வாடகை ரசீது, உரிமச் சீட்டு, அல்லிக்குளம் ஒதுக்கீட்டுக் கடிதம், புகைப்படம் ஆகியவற்றில் எது இருப்பினும், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே பள்ளி அலுவலகத்துக்குக் கொண்டுவர வேண்டுகிறோம். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை அப்போதே திருப்பித் தருவோம், இன்ஷா அல்லாஹ்.